ராஜமணியின் வயிறு

தேனி
12.9.2004

அன்புள்ள பவானிக்கு,

இது எத்தனையாவது கடிதம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஜீப்காரன் சுருளிவேல் உங்கள் எஸ்டேட்டுக்கு அரிசி பருப்பு ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போதெல்லாம் அவன் சட்டைப்பையில் ஒன்றைச் செருகி அனுப்புகிறேன். "குடுத்தேன்யா, வாங்குச்சு. ஆனா மூஞ்சியப் பாத்தா தேளு கொட்டுன மாதிரி இருக்கு" என்கிறான். கொட்டினால் கொட்டட்டும். நீ கை நீட்டி வாங்கினாயே, அதுவே போதும்.

பழைய இடத்தில் நான் இப்போது இல்லை. அந்த ஸ்கேன் சென்டருக்கு அதிகாரிகள் வந்து சீல் வைத்துவிட்டார்கள். டாக்டர் உமர் பாருக் என்று ஒருவர் புதிதாகத் திறந்திருக்கிறார், அவரிடம் சேர்ந்திருக்கிறேன். வந்தவர்களை வரிசையாக உள்ளே அனுப்புவது, கட்டிலைத் துடைப்பது, பயந்து அழுகிற பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுவது, இதுதான் வேலை. "ஆணா பொண்ணா" என்று யாராவது வாயைத் திறந்தால் டாக்டர் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டு நிற்பார். போ என்று அர்த்தம்.

போன வாரம் பண்ணைப்புரத்திலிருந்து ஒரு கைக்குழந்தையைத் தூக்கிவந்தார்கள். வாந்தியும் அழுகையுமாக இருந்தது. வயிற்றில் கருவியை வைத்து இப்படி ஓட்டி அப்படி ஓட்டி, "குடலுக்குள்ள குடல் செருகிக்கிருச்சு" என்றார் டாக்டர். சட்டைக் கையை உள்ளே இழுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. மதுரைக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேனில் பார்த்துக்கொண்டே பின்வழியாகத் தண்ணீரைச் செலுத்தி, செருகிய குடலை வெளியே தள்ளிவிட்டார்களாம். கத்தியே வைக்கவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த மெஷின் என்றாலே நீ காறித் துப்புகிறாய். அது நல்லதும் செய்யும் என்று சொல்லத்தான்.

வீட்டுக்கு வா. குழந்தை யார் ஜாடை என்றாவது எழுது.

கர்ணன்


மேகமலை
20.9.2004

திரு. கர்ணன் அவர்களுக்கு,

மெஷின் நல்லது செய்யும் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். மெஷின் மேல் எனக்கு என்ன கோபம்? அது இரும்பும் கண்ணாடியும்.

ஐந்தாம் மாதத்தில் உங்கள் பழைய ஸ்கேன் சென்டர்க் கட்டிலில் என்னைப் படுக்க வைத்தீர்கள். திரை சுவரைப் பார்த்து இருந்தது. நான் தலையைத் தூக்கினால், "அசையாதம்மா" என்றார்கள். எழுந்து வெளியே வந்தால் உங்கள் அப்பா நல்லகண்ணு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார். என் வயிற்றுக்குள் இருப்பது என்ன என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும், "இது வேணாம்த்தா, அடுத்ததப் பாப்பம்" என்றார், சந்தையில் கத்தரிக்காயை ஒதுக்கிப் போடுவது போல. நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். வாயில் கொழுக்கட்டையா இருந்தது?

அன்றைக்கு எங்கள் அண்ணன் வீட்டுக்கு மலை ஏறினவள்தான். அழகுமலை அண்ணனும் அக்கம்மாள் மதினியும் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற ஒரே அறையில் எனக்குப் பாதியைக் கொடுத்திருக்கிறார்கள். நானும் கொழுந்து பறிக்கப் போகிறேன். யார் கையையும் எதிர்பார்க்கவில்லை.

ஜாடை கேட்டீர்கள். யார் ஜாடையும் இல்லை, அவள் ஜாடை. பையன் பிறந்தால் வைக்கவேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து ஒரு பேரைச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்களே, அதையே வைத்துவிட்டேன். ராஜமணி. பெண்ணுக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

இனிமேல் எழுதவேண்டாம்.

பவானி


தேனி
5.10.2004

அன்புள்ள பவானிக்கு,

எழுதவேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லு. சொன்னது அப்பா. அவரை எதிர்த்துப் பேசி எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. அதற்காக வயிற்றுப் பிள்ளைக்காரி இருட்டோடு கிளம்பி மலை ஏறிவிடுவதா? ஊரில் நான் தலை நிமிர்ந்து நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

சுருளிவேலிடம் ஒரு ஸ்வெட்டர் கொடுத்திருக்கிறேன். மஞ்சள் நிறம். பாப்பாவுக்கு என்ன அளவு என்று தெரியாமல் கடைக்காரர் கொடுத்ததை வாங்கினேன். அங்கே குளிர் அதிகமாயிற்றே.

இன்னொன்று. அப்பாவுக்கு நேற்று நெஞ்சுவலி. படுத்த படுக்கையாக இருக்கிறார். பேத்தியை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று முனகுகிறார். நீ எங்கள் மேல் எவ்வளவு கோபமாக இருந்தாலும் சாகப்போகிறவரிடம் என்ன கோபம்? உடனே கிளம்பி வா.

கர்ணன்


மேகமலை
3.11.2004, காலை

திரு. கர்ணன் அவர்களுக்கு,

ஸ்வெட்டர் கிடைத்தது. கை நீளம், கழுத்து இறுக்கம். மடித்துவிட்டுப் போட்டிருக்கிறேன்.

உங்கள் அப்பா உடம்பு எப்படி இருக்கிறது என்று சுருளிவேலைக் கேட்டேன். "எந்த நெஞ்சுவலி? சின்னமனூர்ச் சந்தையில கெடாக் குட்டிக்கு விலை பேசிக்கிட்டு இருந்தாக, நாலு கடைக்குக் கேக்குற மாதிரி" என்றான். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேண்டாமா? அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். இனி நீங்கள் தீப்பிடித்தது என்று எழுதினாலும் நான் குடத்தைத் தூக்கமாட்டேன்.

இதோடு முடித்திருப்பேன். மனசு சரியில்லாததால் எழுதுகிறேன். ராஜமணிக்குப் போன வாரம் சளி இருந்தது, விட்டுவிட்டது. இன்று விடியும்போது திடீரென்று வீறிட்டாள். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகமெல்லாம் வெளுத்துப்போய்க் கத்துகிறாள். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல நிறுத்திவிட்டு என் தாலியைப் பிடித்து விளையாடுகிறாள். மறுபடியும் அதே கத்தல். குடித்த பாலெல்லாம் வாந்தி.

டிஸ்பென்சரி கம்பவுண்டர் லீவில் போயிருக்கிறார். மழையில் ஆபீஸ் போனும் செத்துக் கிடக்கிறது. "உரம் விழுந்திருக்குடி, சுளுக்குதான், ஒண்ணுமில்ல" என்று மதினி கீழ் லயத்துக்காரியைக் கூட்டிவந்தாள். சேலையில் படுக்கப்போட்டு ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டி உரம் எடுத்தார்கள். எடுத்ததும் அழுகை நின்றுவிட்டது. மதினிக்கு ஒரே பெருமை. ஆனால் கீழ் லயத்துக்காரி படி இறங்குவதற்குள் மறுபடியும் ஆரம்பித்தாள். இரண்டாம் தடவையும் உருட்டினார்கள், மறுபடியும் நின்றது. இப்போது தூங்குகிறாள்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சுருளிவேல் ஹாரன் அடிக்கிறான்.

பவானி


தேனி
3.11.2004, மாலை

பவானி,

கடிதத்தை ஜீப் பக்கத்திலேயே நின்று படித்தேன். அப்படியே கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினேன். நம் சண்டையெல்லாம் அதில் இருக்கிறது, இருந்தால் என்ன, காட்டினேன். அவர் கடைசிப் பகுதியை இரண்டு தடவை படித்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "விட்டு விட்டு அழுறதுதான் இதுக்கு அடையாளம். உரம் எடுத்ததால நிக்கல கர்ணா. அதுவா நிக்கும், அதுவா வரும். குடல் இறுக்கும்போது வலி, விடும்போது சும்மா இருக்கும். நின்னுருச்சுன்னு வீட்டுல வெச்சிருந்தா குடல் கருகிப் போயிரும். பிள்ளையக் கொண்டுவரச் சொல்லு. நாளைக்குன்னு சொல்லாத."

பண்ணைப்புரத்துக் குழந்தைக்கு வந்ததுதான் என்று அவர் சந்தேகப்படுகிறார். வயிற்றில் வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஊசி இல்லை, மருந்து இல்லை, வலிக்காது. இப்போது வந்தால் தண்ணீர் விட்டே சரி செய்துவிடலாமாம்.

தாய்ப்பால்கூடக் கொடுக்காதே. யாரையும் வயிற்றைத் தொடவிடாதே, உருட்டவிடாதே. சுருளிவேலின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியிருக்கிறேன். மழை ராத்திரியில் மலைப்பாதையில் வண்டி ஏறாது என்கிறான், வெளிச்சம் வந்ததும் ஏறுவான். அதே ஜீப்பில் குழந்தையோடு இறங்கிவிடு. நான் டாக்டர் வாசலில் நிற்பேன். நானே வந்திருப்பேன், உன் அண்ணன் என்னைப் பார்த்தால் கைகலப்பாகிவிடும், அதில் நேரம் போகும்.

நெஞ்சுவலி பொய். இது பொய் இல்லை. எந்தச் சாமி மேல் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்கிறேன். என்னைப் பார்க்கவேண்டாம், பேசவேண்டாம், வீட்டுக்கு வரவேண்டாம். வந்து பாப்பாவை அந்தக் கட்டிலில் படுக்க வை, அவ்வளவுதான்.

கர்ணன்


மேகமலை
4.11.2004, காலை

திரு. கர்ணன் அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்தேன். மதினிக்கும் படித்துக் காட்டினேன். "உன்னிய எறக்குறதுக்கு இது ஒரு வழி. அன்னைக்கு அப்பனுக்கு நெஞ்சுவலி, இன்னைக்கு மகளுக்குக் குடல்வலி" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நெஞ்சுவலிக் கடிதத்துக்கு முந்தைய கடிதத்தில் பண்ணைப்புரத்துக் கதையை எழுதினீர்கள். நான் பிள்ளை அழுகிறாள் என்றதும் அதே கதையை அவளுக்கும் ஒட்டவைத்துவிட்டீர்கள். உங்கள் டாக்டர் மலைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, காகிதத்தைப் பார்த்தே வயிற்றுக்குள் இருப்பதைச் சொல்லிவிடுவாரா?

ராத்திரியெல்லாம் அழுதாள், இல்லை என்று சொல்லவில்லை. இப்போது அழவில்லை. நன்றாகத் தூங்குகிறாள். தூக்கினாலும் முழிக்காமல் தோளில் சாய்ந்து கிடக்கிறாள். பாவம், அசந்துவிட்டாள். தூங்குகிற பிள்ளையை இந்த மழையில், மண் சரிந்த பாதையில், எந்தக் கட்டிலைப் பார்த்து நான் ஓடிவந்தேனோ அதே மாதிரி ஒரு கட்டிலுக்குத் தூக்கி வரவேண்டுமா? பாதையில் பாதிவரைதான் ஜீப் வந்திருக்கிறது. சுருளிவேல் மிச்சத்தை நடந்து ஏறி வந்து உங்கள் கடிதத்தைக் கொடுத்தான். "வாத்தா, போயிருவம்" என்றான். அவனையும் நீங்கள்தான் பேச வைத்திருப்பீர்கள். இதைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பவானி


4.11.2004

ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஐயோ, நானே அனுப்பிவிட்டேன்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் துணியை மாற்றப் போனேன். மலம் இல்லை. ரத்தமும் சளியுமாகக் குழம்பு போல இருக்கிறது. பிள்ளை தூங்கவில்லை. தூக்கம் என்று நினைத்தது தூக்கமே இல்லை. கண்ணைத் திறக்கிறாள், என்னைப் பார்க்கவில்லை. வாந்தி பச்சையாக வருகிறது. வயிறு கல்லாக இருக்கிறது.

அண்ணன் இந்தக் காகிதத்தோடு முன்னால் ஓடுகிறான். நாங்கள் பின்னால் நடக்கிறோம். மதினி குடையை எடுத்துக்கொண்டு அழுதபடி வாசலில் நிற்கிறாள். மண் சரிந்த இடத்துக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஒரு வண்டியை நிறுத்துங்கள். எந்த வண்டியாக இருந்தாலும் சரி. அண்ணன் உங்களை ஒன்றும் செய்யமாட்டான், நான் சொல்லியிருக்கிறேன்.

பால் கேட்டு வாயைத் திறந்தாள். கொடுக்கவில்லை. நீங்கள் சொன்னபடி கொடுக்கவில்லை.

என் பிள்ளையைக் காப்பாற்றுங்கள்.


மதுரை, ஆஸ்பத்திரி வாசல்
8.11.2004

பவானி,

வார்டு ஆயாவிடம் கெஞ்சி இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நேற்று முன்தினம் கொடுத்ததை அந்தம்மா மறந்துபோய் இடுப்பில் செருகியபடியே வீட்டுக்குப் போய்விட்டாராம். இன்று எடுத்துக் காட்டிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. "ஜீப் வந்தப்பவே வந்திருந்தா கத்தி வெச்சிருக்க வேண்டாம்" என்று வாய் தவறி வந்துவிட்டது. நீ திரும்பினாய். "பேச வேண்டிய அன்னைக்குப் பேசாத வாயி இன்னைக்கு மட்டும் எதுக்குத் தொறக்குது? என் கண்ணுல முழிக்காத, போ" என்றாய். அத்தனை பேர் நின்றார்கள். போய்விட்டேன். போனது வாசல் வரைக்கும்தான். மறுநாள் கொஞ்ச நேரம் தேனிக்குப் போய்த் திரும்பி வந்ததைத் தவிர இங்கேயேதான் கிடக்கிறேன்.

அப்பா நேற்று இங்கே வந்தார். "பொழைச்சா பொழைக்கட்டும், நீ எதுக்குலே வேலைய விட்டுட்டு இங்கன கெடக்க?" என்றார். நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பஸ் அந்தப் பக்கம் நிக்கும், நீங்க போங்க" என்றேன். வேறு என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. கையைக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. அவர் போய்விட்டார்.

ஆண்களை வார்டுக்குள் விடமாட்டேன் என்கிறார்கள். பார்வை நேரத்தில் விடுவார்களாம், ஆனால் நீ "முழிக்காதே" என்றாயே. உள்ளே போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்கிறேன். ஒருவர் நன்றாக இருக்கிறது என்கிறார். இன்னொருவர் வயிறு இன்னும் உப்பிக்கொண்டே இருக்கிறது, டாக்டர்கள் கூடி நிற்கிறார்கள் என்கிறார். அதிகாலையில் ஒரு சின்ன உடம்பைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோனார்கள். நான் பின்னாலேயே ஓடி, அந்தத் தகப்பனை நிறுத்தி, துணியை விலக்கிப் பார்க்கவேண்டும் என்று கேட்டுவிட்டேன். அந்த மனுஷன் என்னை அடிக்கவில்லை. விலக்கிக் காட்டினார். நம் பிள்ளை இல்லை. சந்தோஷப்பட்டேன், பவானி. அந்த ஆள் முன்னாலேயே சந்தோஷப்பட்டேன். என்னை என்ன செய்தால் தகும்?

எனக்கு நீ ஒன்றும் எழுதவேண்டாம். குழந்தை இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் எழுது.

கர்ணன்


வார்டு
8.11.2004, மதியம்

ராஜமணி அப்பாவுக்கு,

இருக்கிறாள்.

முதலில் அதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன். வாசலில் கிடக்கிறீர்கள் என்று இப்போதுதான் தெரியும். தேனிக்கே போய்விட்டீர்கள் என்று நினைத்து, உங்களையும் உங்கள் வம்சத்தையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

செருகின குடலைக் கையால் இழுத்து விட்டார்களாம். ஒரு துண்டு கருத்துப் போயிருந்ததால் அதை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் தைத்திருக்கிறார்கள். வயிற்றில் குறுக்காக ஒரு தையல் ஓடுகிறது. மூக்கில் குழாய். மூன்று நாளும் டாக்டர்கள் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள், "காத்து பிரிஞ்சுச்சா?" பிரியவில்லை என்பேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போவார்கள். வயிறு உப்பிக்கொண்டே போனது. எந்தச் சாமியிடமும் பொன்னும் பொருளும் கேட்டதில்லை நான். என் பிள்ளைக்குக் காத்து பிரியவேண்டும் என்று தரையில் விழுந்து அழுதிருக்கிறேன்.

இன்று சாப்பாட்டு வண்டி வரும் நேரத்தில் விட்டாள் பாருங்கள் ஒன்று. பக்கத்துக் கட்டில்காரிக்கே கேட்டது. "ஆத்தா, வந்துருச்சு!" என்று அவள் கத்த, வார்டே சிரித்தது. நர்ஸ் ஓடிவந்தார். பிறகு வந்த பெரிய டாக்டர் வயிற்றில் காதுக் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "குடல் பேச ஆரம்பிச்சிருச்சும்மா" என்றார். இனிமேல் பயமில்லை என்று சொல்லவில்லை. நாளைக்குச் சொட்டுத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்று சொன்னார்.

ஜீப் வந்தபோதே வந்திருந்தால் என்றீர்கள். அதை நீங்கள் சொல்லவேண்டாம். அந்தத் தையலைப் பார்க்கும்போதெல்லாம் சுருளிவேல் மலை இறங்கிப் போகும் முதுகுதான் எனக்குத் தெரிகிறது. அது என்னோடு இருக்கட்டும். ஆனால் நெஞ்சுவலிக் கடிதம் ஒன்று நடுவில் வராமல் இருந்திருந்தால், நான் அவனோடு இறங்கியிருப்பேன். அது உங்களோடு இருக்கட்டும்.

அண்ணன் ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்திய சுருளிவேலின் ஜீப்பில் தேனிக்கு வந்து, டாக்டர் கட்டில் பக்கத்தில் நீங்கள் இவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த ஜெல் வாடை வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தினேன். டாக்டர் உமர் பாருக், "கண்ணைத் திறம்மா, நீதான் பாக்கணும்" என்றார். திரையை என் பக்கமாகத் திருப்பினார். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிப்போட்டது போல வளையத்துக்குள் வளையம். "இதுதான் செருகின குடல். உன் பிள்ளை வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு மொதல்ல உனக்குத்தான் தெரியணும்" என்றார். அவருக்கு நம் கதை தெரிந்து சொன்னாரா, எல்லாத் தாய்க்கும் அப்படித்தான் சொல்வாரா, தெரியாது. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. அதற்கு முன்னால் மலை இறங்கினபோதுகூட அழவில்லை.

உங்கள் அப்பாவுக்கு பஸ் நிற்கிற இடத்தைக் காட்டினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருஷம் தாமதமான பஸ். இருந்தாலும் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். அதனால் நான் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று நினைக்கவேண்டாம். இங்கிருந்து அண்ணன் வீட்டுக்குத்தான் போவேன். பிறகு என்ன என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

நான்கு மணிக்குப் பார்வை நேரம். வாருங்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு வாருங்கள், பயந்துவிடுவாள். ஜீப்பிலேயே விட்டுவிட்ட ஸ்வெட்டரை சுருளிவேலிடம் வாங்கியிருந்தால் கொண்டுவாருங்கள். என்னோடு பேசவேண்டாம், அவளோடு பேசுங்கள்.

இத்தனை கடிதம் எழுதியிருக்கிறீர்கள். குழந்தை என்கிறீர்கள், பாப்பா என்கிறீர்கள், பிள்ளை என்கிறீர்கள். அவள் பேரை இன்னும் ஒரு தடவைகூட நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கு வந்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். தலையைத் திருப்பிப் பார்ப்பாள்.

பவானி